அவசர மருத்துவ உதவிப் படிப்பும் பணியும்: நெல்லைச் சீமை மாணவர்கள் நம்பத்தகுந்த தகவலை எங்கே தேடுவது?

நாங்குநேரிக்காரன்:

என் தங்கை மகள் உயிரியல் பிரிவில், தமிழ் வழியில் படித்துப் பிளஸ் டூ தேறியிருக்கிறாள். விபத்து நடந்த இடத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்து உயிரைப் பிடித்து நிறுத்தும் ஆளாக வேண்டும் என்பது அவளுடைய விருப்பம். நான்குவழிச் சாலையோரத்து ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு இந்த ஆசை வந்ததில் எனக்கு வியப்பில்லை, பெருமைதான். ஆனால் இதற்கு என்ன படிக்க வேண்டும், எங்கே படிக்க வேண்டும், படித்தபின் யார் வேலை தருவார்கள் என்று விசாரித்தால் ஆளுக்கொரு பதில் கிடைக்கிறது. செவிலியம் படித்தால்தான் ஆம்புலன்ஸில் ஏற முடியும் என்கிறார் ஒருவர். ஆறு மாதப் பயிற்சியே போதும் என்கிறார் இன்னொருவர். வண்ணார்பேட்டைப் பேருந்து நிறுத்தத்தில் என் கையில் திணிக்கப்பட்ட துண்டறிக்கையோ படிப்பு முடிந்த அன்றே வேலை என்கிறது. இவற்றில் எதை நம்புவது என்பதைவிட, நம்பத்தகுந்த தகவல் எங்கே எழுத்தில் இருக்கிறது என்பதே என் கேள்வி. இத்துறையில் இருப்பவர்களும் படிப்பவர்களும் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பொருநைக்கரை:

தம்பி, நான் நூலகத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், மருத்துவம் அறிந்தவனல்லன். ஆனால் தகவல் தேடி வருகிறவர்களுக்கு உதவுவதே என் வேலையாக இருந்ததால், உங்கள் கேள்வியின் முதற்பாதிக்கு என்னால் பதில் சொல்ல முடியும். துண்டறிக்கை, யூடியூப் காணொளி, வாட்ஸ்அப் செய்தி ஆகிய மூன்றும் வேறெங்கோ எழுதப்பட்டதன் சாரத்தையே, பெரும்பாலும் சிதைத்து, நமக்குத் தருகின்றன. அந்த 'வேறெங்கோ' எது என்று கண்டுபிடித்து அதை நேராகப் படித்துவிட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இத்துறைக்கு அடிப்படையானது 2021ஆம் ஆண்டின் தேசிய துணைமருத்துவ மற்றும் சுகாதாரத் தொழிலர் ஆணையச் சட்டம். அதற்கு முன்பு இத்துறையினருக்கென்று நாடு முழுமைக்கும் பொதுவான ஒழுங்குமுறை இருந்ததில்லை என்பதால், இச்சட்டத்தைப் படிக்காமல் யாரும் கல்லூரி தேடப் புறப்பட வேண்டாம் என்பேன். அதன் அட்டவணையில் எந்தெந்தத் தொழில்கள் இடம்பெறுகின்றன என்பது பெயர் குறித்தே சொல்லப்பட்டிருக்கிறது. அவசர மருத்துவத் தொழில்நுட்பரும் அதில் உண்டு. துணைமருத்துவத் தொழிலர் என்று ஏற்கப்பட இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்குள் குறைந்தது 2,000 மணி நேரமாவது படித்திருக்க வேண்டும் என்றும், சுகாதாரத் தொழிலர் என்று ஏற்கப்பட மூன்று முதல் ஆறு ஆண்டுகளுக்குள் குறைந்தது 3,600 மணி நேரமாவது படித்திருக்க வேண்டும் என்றும் சட்டமே வரையறுக்கிறது. உங்களிடம் ஒருவர் சொன்ன ஆறு மாதத்தை இந்தக் கணக்கின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்து, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையதளம். விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம் என்ற பி.எஸ்சி. பட்டப்படிப்பின் பாடத்திட்டமும், அதை நடத்த இணைப்புப் பெற்ற கல்லூரிகளின் பட்டியலும் அங்கே கிடைக்கும். ஒரு கல்லூரியின் பெயர் அப்பட்டியலில் அந்தப் படிப்புக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கல்லூரி இணைப்புப் பெற்றிருக்கிறது என்பது வேறு, இந்தப் படிப்புக்கு இணைப்புப் பெற்றிருக்கிறது என்பது வேறு.

இவற்றோடு, மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் தகவல் கையேட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துணைமருத்துவப் பட்டப்படிப்புகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் அக்குழுவின் கலந்தாய்வு வழியாகத்தான் நிரப்பப்படுகின்றன. எந்தக் கல்லூரியில் எத்தனை இடம், என்ன கட்டணம், என்ன தகுதி, எப்போது கடைசி நாள் என்பதெல்லாம் அதில் அச்சாகியிருக்கும். சென்ற ஆண்டுக் கையேட்டை வைத்துக்கொண்டு இந்த ஆண்டு விண்ணப்பிக்கக் கூடாது.

திசையன்விளைத் தந்தை:

பொருநைக்கரை ஐயா எழுதியதை ஒவ்வொரு பெற்றோரும் படிக்க வேண்டும். என் மூத்த மகனை ஒரு தனியார் பயிற்சி நிறுவனத்தில் ஓராண்டுப் படிப்பில் சேர்த்தோம். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. சேரும்போது 'அரசு அங்கீகாரம்' என்று பலகையில் எழுதியிருந்தது. முடிக்கும்போது கிடைத்த சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் முத்திரையும் இல்லை, எந்த அரசுத்துறையின் பெயரும் இல்லை; அந்த நிறுவனம் தனக்குத்தானே வைத்துக்கொண்ட ஒரு கழகத்தின் பெயர்தான் இருந்தது. நேர்முகத்துக்குப் போன இடங்களில் எல்லாம் சான்றிதழைப் பார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவன் இப்போது வேறு வேலையில் இருக்கிறான். பணம் போனதைவிட, உதவ வேண்டும் என்று வந்த பிள்ளையின் ஓராண்டு வீணானதுதான் எனக்கு ஆறவில்லை. ஆகவே ஓராண்டுப் படிப்பு என்று யார் சொன்னாலும் ஒதுங்கிப் போய்விடுங்கள் என்பதே என் கருத்து.

பாளை செவிலியர்:

அண்ணாச்சி, உங்கள் மகனுக்கு நேர்ந்தது பெரிய அநீதி. இருந்தாலும் ஓராண்டுப் படிப்புகள் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே அவசர சிகிச்சை டெக்னீசியன், மயக்கவியல் டெக்னீசியன், அறுவை அரங்க டெக்னீசியன், டயாலிசிஸ் டெக்னீசியன் என்று ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்புகள் குறைந்த கட்டணத்தில் நடத்தப்படுகின்றன. மருத்துவமனைக்குள்ளேயே படித்து, நோயாளிகளைப் பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள். குடும்பச் சூழ்நிலையால் நான்காண்டுகள் காத்திருக்க முடியாத பிள்ளைகள் பலருக்கு அது சோறு போட்டிருக்கிறது. நம் ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி 1965இல் தொடங்கப்பட்டது. தென் மாவட்டத்துப் பிள்ளைகள் எந்தத் துணைமருத்துவப் படிப்பைப் பற்றி விசாரிப்பதானாலும் முதலில் அதன் அலுவலகத்துக்குப் போய், இந்த ஆண்டு என்னென்ன படிப்புகளுக்கு அறிவிப்பு வந்திருக்கிறது என்று கேட்பதே நல்லது. அறிவிப்புப் பலகையையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஐயா குறிப்பிட்ட 2,000 மணி நேரக் கணக்கை வைத்துப் பார்த்தால், ஓராண்டுச் சான்றிதழும் பட்டமும் எதிர்காலத்தில் ஒரே இடத்தில் நிற்கமாட்டா. பிள்ளைக்கு மதிப்பெண் இருந்து, வீட்டில் தாங்கவும் முடிந்தால், பட்டப்படிப்பையே தேர்ந்தெடுங்கள். அது மூன்றாண்டுப் படிப்பும் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியும் கொண்டது. இதுவரை பிளஸ் டூ மதிப்பெண்களின் அடிப்படையில் சேர்க்கை நடந்து வந்திருக்கிறது; விதிகள் மாறக்கூடும் என்பதால் இவ்வாண்டுக் கையேட்டில் அந்தப் பத்தியை நீங்களே படித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று, நம் மாநிலத்தின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டம். மருத்துவமனைகளில் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து டி.ஏ.இ.ஐ. என்பார்கள். அவசரப் பிரிவுக்குள் வரும் நோயாளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வகைப்படுத்தி, யாரை எவ்வளவு விரைவில் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்வது இதன் நடைமுறை. வெளிநாட்டுப் பாடநூலில் படித்த வகைப்படுத்தல் முறையும் நம் மருத்துவமனையில் நடப்பதும் ஒன்றாக இல்லாதபோது மாணவர்கள் திகைத்துப் போகிறார்கள். மாநிலத் திட்டத்தின் நெறிமுறைகளையும் சேர்த்துப் படித்தவர்களுக்கு அந்தத் திகைப்பு இருப்பதில்லை. விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. ஆம்புலன்ஸில் வரும் உறவினர்கள் முதலில் கேட்பது பணத்தைப் பற்றித்தான் என்பதால், அந்த விவரமும் கைவசம் இருக்க வேண்டும்.

அம்பை இ.எம்.டி.:

நான் 108 ஆம்புலன்ஸில் அவசர மருத்துவ உதவியாளராக, அதாவது இ.எம்.டி.யாகப் பணிபுரிந்தவன். தமிழ்நாட்டில் 108 சேவை 2008இல் தொடங்கியது. அரசு உதவியோடு தனி அமைப்பு ஒன்று அதை நடத்துகிறது. ஆகவே அதில் வேலை கிடைத்தால் அரசு ஊழியர் ஆகிவிட்டோம் என்று எண்ணக் கூடாது. இதைத் தெரியாமல் வருகிறவர்கள் நிறையப் பேர்.

ஆள்சேர்ப்பு முகாம்களைப் பற்றிய அறிவிப்பு நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் வரும். செவிலியப் பட்டம் அல்லது பட்டயம், ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயம், மருந்தியல் பட்டயம், விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல் போன்ற உயிர் அறிவியல் பட்டம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் இ.எம்.டி. பணிக்கு விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்புகளில் கேட்பது வழக்கம். எழுத்துத் தேர்வு, உடற்கூறியலும் முதலுதவியும் பற்றிய நேர்முகம், பிறகு மனிதவளத் துறையின் நேர்காணல் என்று தேர்வு நடக்கும். தேர்வானவர்களுக்கு வகுப்பறையிலும் மருத்துவமனையிலும் ஆம்புலன்ஸிலுமாகச் சில வாரப் பயிற்சி உண்டு. இதற்குக் கட்டணம் கிடையாது. முகாமில் சேர்த்துவிடுகிறேன் என்று பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் அவரை நம்ப வேண்டாம். ஓட்டுநரை நாங்கள் பைலட் என்போம்; அவருக்குத் தகுதியும் தேர்வும் தனி.

ஆகவே 'செவிலியம் படித்தால்தான் ஏற முடியும்' என்று உங்களிடம் சொன்னவர் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார். வேறு படிப்பு படித்தவர்களும் வரலாம். ஆனால் விலங்கியல் பட்டம் பெற்று அந்தச் சில வாரப் பயிற்சியோடு வண்டியில் ஏறியவருக்கும், நான்காண்டுகள் இதையே படித்தவருக்கும் உள்ள வேறுபாடு, மாஞ்சோலை மாதிரி மலையிலிருந்து ஒரு நோயாளியை இறக்கிக்கொண்டு வரும்போது தெரியும். மருத்துவமனை தொலைவில் இருக்கும் பாதையில் வழி நெடுக அந்த உயிர் நம் கையில் இருக்கிறது. அழைப்பு மையத்தில் இருக்கும் மருத்துவரிடம் தொலைபேசியில் ஆலோசனை கேட்கலாம். ஆனால் நாம் கண்டதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தால்தான் அவர் சரியாக வழி சொல்ல முடியும்; மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, நாடி எப்படி, நினைவு எந்த அளவில் இருக்கிறது என்பதைச் சுருக்கமாக, வரிசையாகச் சொல்லும் பழக்கத்தைப் படிக்கும் காலத்திலேயே வளர்த்துக்கொள்ள வேண்டும்.

நாங்குநேரிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. பட்டப்படிப்பு என்று வீட்டில் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. இரண்டு கவலைகள் மீதம் உள்ளன. தமிழ் வழியில் படித்த பிள்ளை ஆங்கிலப் பாடநூல்களை எப்படிச் சமாளிப்பாள் என்பது ஒன்று. இரவுப் பணி பெண் பிள்ளைக்கு ஒத்துவருமா என்று அவளுடைய ஆச்சி கேட்கிறார்கள் என்பது மற்றொன்று.

மூன்றாமாண்டு மாணவி:

முதல் கவலைக்கு நான் பதில் எழுதுகிறேன், மாமா. நானும் தமிழ் வழியில் படித்தவள்தான். விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் இப்போது மூன்றாமாண்டு.

கல்லூரி திறப்பதற்கு முன்பே அவள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம் பாடநூல் கழகம் மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவுக்காக வெளியிட்ட செவிலியப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உடலியங்கியல், நோயாளியைத் தூக்கும் முறை, முதலுதவி ஆகியவற்றைத் தமிழில் படித்துவிட்டு அதே பகுதியை ஆங்கிலத்தில் படித்தால், பொருள் முன்பே மனத்தில் இருப்பதால் சொல் மட்டுமே புதிதாக இருக்கும். இப்படித்தான் நான் முதலாண்டைக் கடந்தேன். அவளுடைய பிளஸ் டூ விலங்கியல் புத்தகத்தையும் எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.

கல்லூரியில் சேர்ந்தபின் எனக்கு மிகவும் கைகொடுத்தது, உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட அடிப்படை அவசர சிகிச்சைப் பாடநூல். இலவசமாகப் பதிவிறக்கலாம். வசதிகள் குறைந்த இடங்களில் பணிபுரிகிறவர்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. மூச்சுத்திணறல், இரத்த ஓட்டம் குன்றும் அதிர்ச்சிநிலை, நினைவு மாற்றம், காயம் என்று நோயாளி வந்து நிற்கும் நிலையிலிருந்தே பாடம் தொடங்குவதால், வார்டில் பார்த்ததை அன்று மாலையே புத்தகத்தில் கண்டுபிடிக்க முடிகிறது. ஆங்கிலமும் கடினமில்லை.

ஒரு நோயைப் பற்றி ஆழமாகத் தெரிய வேண்டும் என்றால், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் தளத்தில் ஸ்டாட்பேர்ல்ஸ் என்ற தொகுப்பு இருக்கிறது. அதையும் காசில்லாமல் படிக்கலாம். பொதுமக்களுக்கு எழுதிய எளிய விளக்கம் வேண்டும் என்றால் அதே நூலகத்தின் மெட்லைன்பிளஸ் போதும். இந்திய நோயாளிகளைப் பற்றிய கட்டுரைகளுக்கு, ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் பப்மெட் சென்ட்ரலில் தேடும்போது நோயின் பெயரோடு 'தமிழ்நாடு' அல்லது 'தென்னிந்தியா' என்று ஆங்கிலத்தில் சேர்த்துத் தேட வேண்டும். பணி ஒன்றுக்கு என்னென்ன திறன்கள் எதிர்பார்க்கப்படுகின்றன என்பதை அறிய, மத்திய அரசின் திறன் மேம்பாட்டுக் கட்டமைப்பில் அவசர மருத்துவத் தொழில்நுட்பருக்கான தகுதி ஆவணம் இருக்கிறது. செய்ய வேண்டிய வேலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதியிருப்பார்கள். நேர்முகத்துக்குப் போவதற்கு முன் அதை ஒரு முறை வாசித்துவிடுவது நல்லது.

அமெரிக்காவில் இத்துறை நான்கு படிநிலைகளாக வகுக்கப்பட்டிருக்கிறது: முதல் உதவுநர், இ.எம்.டி., மேம்பட்ட இ.எம்.டி., எல்லாவற்றுக்கும் மேல்படியான பாராமெடிக். அந்நாட்டு அரசு வெளியிடும் கல்வித் தரநிலைகளும் இலவசமே. எனக்குப் பிடித்த காணொளி வகுப்புகளில் பெரும்பாலானவை அந்தத் தரநிலைகளை ஒட்டி எடுக்கப்பட்டவைதான்.

பொருநைக்கரை:

மகளே, மிகப் பயனுள்ள பதிவு. அமெரிக்கக் காணொளிகள் குறித்து மட்டும் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே ஒரு பாராமெடிக் தன் பொறுப்பில் கொடுக்கக்கூடிய மருந்தை இங்கே அதே பெயர் கொண்ட பணியில் இருப்பவர் கொடுக்க அனுமதி இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. உடல் எப்படி இயங்குகிறது என்பதை எந்த நாட்டு நூலிலிருந்தும் படிக்கலாம். பணியில் எதைச் செய்ய அனுமதி உண்டு என்பதை நம் மாநிலத்தின் நெறிமுறையிலிருந்து மட்டுமே படிக்க வேண்டும்.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். வயற்காடும் மலையடிவாரமும் கொண்ட நம் சீமையில் களக்காடு, அம்பாசமுத்திரம் பக்கம் பணிபுரிகிறவர்கள் இதைத் தவறாமல் சந்திப்பார்கள். பிற நாட்டு நூல்கள் அவர்கள் ஊர்ப் பாம்புகளைப் பற்றி எழுதியிருக்கும். நமக்கு வேண்டியது நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பற்றியது. இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்தும் இந்த நான்கின் நஞ்சுக்கே உரியது. உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய அலுவலகம் 2016இல் வெளியிட்ட பாம்புக்கடி வழிகாட்டியும், இந்திய அரசு 2024இல் வெளியிட்ட தேசியச் செயல்திட்டமும் நமக்கு உரியவை. பழைய முதலுதவிப் புத்தகங்களில் கடிவாய்க்கு மேலே இறுகக் கட்டச் சொல்லியிருக்கும். அது இப்போது கூடாது என்று சொல்லப்படுகிறது. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, விரைந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோவதே முறை.

நூலின் முதற்பக்கத்தில் ஆண்டைப் பார்க்காமல் எந்த மருத்துவ நூலையும் படிக்கத் தொடங்காதீர்கள். நின்றுபோன இதயத்துக்கு மார்பை அழுத்திச் செய்யும் இதய இயக்க மீட்பிலும் (சி.பி.ஆர்.) அப்படித்தான். முதலில் மூச்சுப்பாதை, பிறகு மூச்சு, பிறகு மார்பு அழுத்தம் என்று இருந்த வரிசை 2010ஆம் ஆண்டின் வழிகாட்டுதல்களில் மாறி, மார்பு அழுத்தம் முதலில் வந்தது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம் என்ற அளவு 2015இல் வரையறுக்கப்பட்டது. நூலகத்தில் பழைய பதிப்பு அட்டை கலையாமல் அழகாக இருக்கும். அந்த அழகைப் பார்த்து எடுத்துவிட வேண்டாம்.

தென்காசி, இப்போது அபுதாபி:

வெளிநாட்டுக் கனவு உள்ளவர்களுக்காக ஒரு வார்த்தை. வளைகுடாவில் ஆம்புலன்ஸ் பணிக்கு அந்தந்த நாட்டுச் சுகாதார ஆணையத்தின் உரிமம் வேண்டும். உரிமம் தருவதற்கு முன் நம் சான்றிதழை அது வழங்கப்பட்ட பல்கலைக்கழகத்துக்கே அனுப்பிச் சரிபார்ப்பார்கள். பணி அனுபவச் சான்றுக்கும் அதே சரிபார்ப்பு உண்டு. திசையன்விளை அண்ணாச்சி சொன்ன மாதிரிச் சான்றிதழ் அந்தக் கட்டத்திலேயே நின்றுபோகும். முகவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய வெளியுறவுத் துறையின் இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம். நம் மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆள் எடுக்கிறது. ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பாராமெடிக் என்பது பதிவு பெற்றவர் மட்டுமே பயன்படுத்தக்கூடிய பெயர் என்பதால் அங்கே போக நினைப்பவர்களுக்குப் பட்டம் இல்லாமல் வழியில்லை.

அம்பை இ.எம்.டி.:

ஆச்சியின் கவலைக்கு என் பதில். 108இல் பெண் இ.எம்.டி.கள் பலர் பணிபுரிகிறார்கள். பிரசவ வலியோடு வரும் தாய்மார்களுக்கு வண்டிக்குள் ஒரு பெண் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பணி வழக்கமாகப் பன்னிரண்டு மணி நேரம், பகலும் இரவும் மாறி மாறி வரும்; அதை மறைக்க முடியாது. வீட்டிலிருந்து பணியிடத்துக்கு இரவில் எப்படிப் போய்வருவது, நிலையத்தில் பெண்கள் தங்கத் தனி இடம் இருக்கிறதா என்பவற்றைச் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். பட்டம் பெற்றவளுக்கு ஆம்புலன்ஸ் ஒன்றே வழி என்பதும் இல்லை. மருத்துவமனை அவசரப் பிரிவு, தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகியவற்றிலும் இடமுண்டு. மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் ஒப்பந்தப் பணியிடங்கள் மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்திலும், அரசின் நிரந்தரப் பணியிடங்கள் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தளத்திலும் வெளியாகும். இரண்டையும் அடிக்கடி பார்க்கும் பழக்கம் வேண்டும்.

நாங்குநேரிக்காரன்:

தேர்வுக்குழுவின் கையேட்டை மருமகளே பதிவிறக்கி, கல்லூரிகளைக் குறித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். அவற்றைப் பல்கலைக்கழகப் பட்டியலோடு ஒப்பிட்டு வருகிறோம். ஆச்சிக்கு அம்பைத் தம்பியின் பதிலை வாசித்துக் காட்டினேன். கடைசியாக ஒரு சந்தேகம். சேர்க்கைக்கு முன்பே அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி ஒன்றுக்குப் பணம் கட்டிச் சான்றிதழ் வாங்கிவிட்டால் நல்லதா?

பாளை செவிலியர்:

இப்போது வேண்டாம், அண்ணாச்சி. அமெரிக்க இதயக் கழகத்தின் முறையில் தரப்படும் அந்தச் சான்றிதழ் இரண்டாண்டுகளுக்கே செல்லும். அவள் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அது காலாவதியாகியிருக்கும். கலந்தாய்வுக்கு அந்தச் சான்றிதழ் தேவையுமில்லை. உள்ளிருப்புப் பயிற்சி ஆண்டில் எடுத்துக்கொள்ளட்டும். அதுவரை செஞ்சிலுவைச் சங்கமோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸோ அருகில் முதலுதவிப் பயிற்சி நடத்தினால் போய்க் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். கலந்தாய்வுக்குப் புறப்படும் முன் மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் மூன்றிலும் அவள் பெயரும் முதலெழுத்தும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் இப்போதே திருத்த விண்ணப்பியுங்கள், அதற்கு நாளாகும்.